ரெண்டாம் ஷிப்ட்டின் ஏழாவது ரிலீஸ்

அந்தப் பைய மேல வெக்க வேண்டாமுங்க்கா, என்ற மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லீங்க. ஒரு பட்டுப்பாவாடை சட்டை, ஒரு ஜோடி கம்மல், அவ்வளவுதான். சேலத்துல காதுகுத்துங்க. என்ற தங்கச்சி புள்ளைக்கு. நான்தான் தாய்மாமன். பத்தரைக்கு முகூர்த்தம். இந்த ரயிலு ஒம்பதே முக்காலுக்குக் கொண்டுபோய் விட்டுரும்னு போட்டிருக்கான். அவன் போட்டபடி விட்டாச் சரி.

கூட யாரும் வரலீங்க. நாங்க மட்டுந்தான். நாங்கன்னா நான்தானுங்க. சிரிக்காதீங்க, அது அப்படியே பழகிப் போச்சு. பன்னெண்டு வருஷமா நாங்க நாங்கன்னே பேசிப் பேசி, இப்பக் கடையில டீ சொன்னாக்கூட எங்களுக்கு ஒரு டீன்னுதான் வருது. அவன் ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுட்டு இன்னொருத்தர் எங்கீங்கன்னு கேக்கறான்.

என்ற பேரு பூபதிங்க. எங்க ஊரு கணபதி, அங்க ஒரு பம்ப்செட் கம்பெனியில மோட்டார் டெஸ்டிங். அது வயித்துப்பாட்டுக்கு. மத்தபடி நாங்க மியூசிக் பண்றவங்க. பாடறதில்லீங்க, வாசிக்கறதும் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல பீட்டு போட்டு, அது மேல நெஞ்சு அதிர்ற மாதிரி பேஸு, அது மேல சத்தம் சத்தமா அடுக்கி, சனம் ஆடறதுக்கு ஒரு ட்ராக்கு. கல்யாண ரிசப்ஷன்ல வயசுப் புள்ளைங்க குதிக்குதுங்களே, அந்த மாதிரி. உங்களுக்கு அது தலைவலியா இருந்திருக்கும். இருக்கட்டும், எங்க அப்பாவுக்கும் கடைசி வரைக்கும் தலைவலிதான்.

நானும் மூர்த்தியும் ரெண்டு பேரு. திருமூர்த்தின்னு பேரு, அதே கம்பெனியில காயில் சுத்தற செக்‌ஷன். ரெண்டு பேருக்கும் காலைல ஷிப்ட்டு. ரெண்டரைக்கு முடிஞ்சுதுன்னா நேரா எங்க மாடி வீட்டுக்கு வந்து உக்காந்துருவோம். கம்பெனியில எல்லாரும் ஏன்டா, ரெண்டாம் ஷிப்ட்டுக்குக் கெளம்பிட்டீங்களான்னு கிண்டல் பண்ணுவாங்க. அதையே பேரா வெச்சுட்டோம். ‘ரெண்டாம் ஷிப்ட்’. நெட்டுல போட்டீங்கன்னா வரும். மொத ரிலீஸ் ‘த்ரீ ஃபேஸ்’. அடுத்து ‘லோ வோல்டேஜ்’. அப்புறம் நாலு ட்ராக்க ஒண்ணாச் சேத்து ‘மோட்டார் ரூம்’. இப்ப வரைக்கும் பதினொண்ணு ரிலீஸ் பண்ணியிருக்கறமுங்க. அதுல ஏழாவது ஒண்ணைத்தான் ஊரே கேட்டுச்சு. மத்தத நானும் மூர்த்தியும் கேட்டோம். கடைசி நாலை நான் மட்டும் கேட்டேன்.

மூர்த்திதான் என்ற மாப்ள. தங்கச்சிய அவனுக்குத்தான் குடுத்தது. நான்தானுங்க குடுத்தேன், அப்பா அப்பப் படுத்த படுக்கை. அவன் வீட்ல பொண்ணு பாக்க ஆரம்பிச்சாங்க. எவளோ ஒருத்தி வந்து, பொழுதோட வீட்டுக்கு வராம அங்க என்ன மாடியில வேலைன்னு கேட்டா முடிஞ்சுதுங்களே. நம்ம வசுன்னா நம்ம கதை தெரிஞ்சவ. வசுமதிங்க அவ பேரு. தங்கமான மாப்பிள்ளை, குடியில்ல, பீடியில்ல, அண்ணன் கூடவே இருக்கலாம்னு சொன்னேன். அவளும் அண்ணன் சொன்னாச் சரின்னுட்டா. இதச் சுயநலம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேனுங்க. மூணு பேரும் ஒரே வீட்டுல இருந்தோம். சந்தோஷமாத்தான் இருந்தோம். நாங்க இருந்தோம்.

கீழ வீட்டு ஓனர் ஸ்டெல்லா டீச்சர், ரிட்டயர்டு. ரொம்ப நல்ல மனுஷி. ஆனா எங்க பேஸு அடிச்சா அவங்க ஷோகேஸ்ல இருக்கற பீங்கான் பொம்மையெல்லாம் நகந்து நகந்து ஓரத்துக்கு வந்துருதாம். ரெண்டு ஒடஞ்சும் போச்சு. அதுக்கப்புறம் ஸ்பீக்கரத் தொடறதில்ல, எல்லாம் ஹெட்போன்லதான். ஒரு ஓட்டையில சொருகி ரெண்டு ஹெட்போன் மாட்டிக்கற மாதிரி ஒரு பின்னு வருதுங்க. ரெண்டுதான் மாட்ட முடியும். அதனால வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு வீட்ல சத்தமே இருக்காது. ரெண்டு ஆம்பளைங்க பேசாம உக்காந்து தலைய ஆட்டிட்டு இருப்போம். வசு ஒரு தடவை எனக்கும் கேக்கக் குடுங்கண்ணான்னு கேட்டா. அரைகொறையாக் கேக்கக் கூடாது, முடியட்டும், ரிலீஸ் ஆகட்டும்னு சொன்னேன். எங்க தொழில்ல அது ஒரு கண்டிஷனுங்க. ரிலீஸ் ஆனதுக்கப்புறம் அவ கேக்கல. நானும் மறந்துட்டேன்.

மூர்த்திக்கு ஒரு பழக்கம். உக்காந்த ஒடனே மைக்க ஆன் பண்ணி ரெக்கார்டிங்ல போட்டுருவான். வாயில ஒரு ராகம் வரும், மேசையில ஒரு தாளம் தட்டுவோம், அது ஓடிப் போயிரக் கூடாதுன்னு. தெனமும் மூணு நாலு மணி நேரம் சும்மா ஓடும். அந்தந்தத் தேதி, அந்தந்த மணி போட்டு ஃபைலு அதுவா சேந்துக்கும். செல்போனு பக்கத்துல இருந்தா மைக்ல இரையும், அதனால ரெண்டு போனையும் ஆஃப் பண்ணி வெச்சிருவோம். அந்த ஃபைல்லயெல்லாம் பின்னாடி வசு குரலு விழுந்திருக்கும். சாப்பிட வாங்க, காபி ஆறுது, கேஸ்காரன் வந்திருக்கறான், இப்படி. நாங்க ஹெட்போன் போட்டிருந்தா எப்படிங்க கேக்கும்? அவ வந்து தோள்ல தட்டுனா எந்திரிச்சுப் போவோம். போகாம இல்லீங்க.

ஒரு நாளைக்குப் பழைய ஃபைல நான் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன். ஒண்ணுல அவ கூப்பிடறா. அண்ணா, கொஞ்சம் வாங்களேன். ஏனுங்க, வாங்களேன். அப்புறம் வெறும் வாங்களேன், வாங்களேன். நாலு தடவை, அஞ்சு தடவை. எப்பவும் கூப்பிடற மாதிரி இல்ல. அந்த ‘ளே’ கிட்டப் போயி குரல் லேசா ஒடையுது பாருங்க, எத்தனை காசு குடுத்து எந்தப் பாடகியக் கூட்டியாந்தாலும் அது வராது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அதை வெட்டி எடுத்து, திருப்பித் திருப்பி வர்ற மாதிரி லூப்பு போட்டு, அடியில பீட்டுக் குடுத்தேன். ஒரே வாரம். ‘வாங்களேன்’னே பேரு வெச்சோம். அதுதானுங்க ஏழாவது ரிலீஸ்.

அய்யோ, அது ஓடின ஓட்டம். காலேஜ் விழாவுல போட்டாங்க, ஜிம்முல போட்டாங்க, சின்னச் சின்ன வீடியோவுல பொண்ணுங்க கையக் கையக் காட்டி வாங்களேன் வாங்களேன்னு ஆடுச்சுங்க. பெங்களூர்ல இருந்து கூப்பிட்டு மேடை ஏத்துனாங்க. மூவாயிரம் பேரு, ஒரே குரல்ல என்ற தங்கச்சி மாதிரியே கூப்பிடறாங்க. நான் அழுதுட்டேனுங்க. மூர்த்தி மட்டும் என்னமோ மாதிரிதான் இருந்தான். கூச்ச சுபாவம்னு நெனச்சுட்டேன்.

வசுவுக்கு நாங்க சொல்லலை. சர்ப்ரைஸா வெச்சிருந்தோம். கம்பெனியில கூட வேலை செய்யற பையன் ஒருத்தனுக்கு சூலூர்ல ரிசப்ஷன். டிஜே நமக்குத் தெரிஞ்ச ஆளு. எங்க ஆளுங்க வந்ததும் போடுன்னு சொல்லி வெச்சிருந்தேன். போட்டான். வசு கையில ஐஸ்க்ரீம் கப்பு. மண்டபமே எந்திரிச்சு ஆடுது. அவ அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அப்படியே நிக்கறா. ஐஸ்க்ரீம் உருகிக் கையில ஒழுகறதுகூடத் தெரியலை. நான் சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிட்டான்னு நெனச்சேன். எப்படி, உன்றதுதான், அடையாளம் தெரியுதான்னு காதுல போய்க் கேட்டேன்.

கார்ல ஏறி வீட்டுக்கு வந்து செருப்பக்கூடக் கழட்டாம நின்னு, ‘அது என்னைக்கு ரெக்கார்டு பண்ணுனதுண்ணா’ன்னு கேட்டா. நான் என்ன பண்ணேன், பெருமையா லேப்டாப்பத் தொறந்து பாத்துச் சொன்னேன். ஆகஸ்ட் பதினேழு, மதியம் மூணே காலு.

அந்தத் தேதி எனக்கு ஒரு ஃபைல் பேருங்க்கா. சத்தியமா அவ்வளவுதான். ட்ராக்கு பண்ணும்போது மூஞ்சியெல்லாம் தெரியாது, அலை அலையா ஒரு கோடுதான் ஸ்க்ரீன்ல தெரியும். அந்தக் கோட்டத்தான் நான் பாத்தேன்.

அன்னைக்குத்தான் அவளுக்குக் கரு கலைஞ்சுது. நாலு மாசம். மதியம் படுத்திருந்தவளுக்கு வலி வந்து, எந்திரிக்க முடியாம, கட்டில்ல இருந்தே கூப்பிட்டிருக்கறா. நாங்க அடுத்த ரூம்ல. நடுவுல ஒரு ஹாலு, எட்டு அடி இருக்கும். போனப் போட்டுப் பாத்திருக்கறா, ரெண்டும் ஆஃப். கடைசியில ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் பண்ணி, அந்தம்மாதான் மேல வந்து, அவளத் தாங்கி எறக்கி ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்குது. எங்களக் கூப்பிடலாமான்னு டீச்சர் கேட்டுதாம். வேண்டாம், கூப்பிட்டுப் பாத்துட்டேன்னு சொன்னாளாம். நாங்க ஆறு மணிக்கு டீக்குன்னு வெளிய வந்தா வீட்ல ஆளே இல்ல. பெட்ஷீட்டப் பாத்துட்டு மூர்த்தி அங்கயே உக்காந்துட்டான்.

நாங்க மட்டும் கல்லாங்க? ஒரு மாசம் கம்ப்யூட்டரத் தொடலை. அவளும் அப்ப எங்களத் திட்டலை. ஹெட்போன் போட்டிருந்தீங்க, உங்களுக்குக் கேக்கலை, யாரு என்ன பண்ண முடியும்னு அவளேதான் சொன்னா. அவ வாயால சொன்னதுங்க. அதையே நாலு பேர் ஆடறதுக்குப் போட்டதுதான் அவளால தாங்க முடியலை.

அடுத்த வாரமே சேலத்துக்குக் கெளம்பிட்டா. அங்க ஒரு லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை, படிச்சது அதுக்குத்தான், நாலு வருஷமா வீட்ல உக்காந்திருந்தா. போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதை எடுத்துருங்கண்ணா. எங்கயும் அது ஒலிக்கக் கூடாது. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? உன்ற பேரையும் போட்டுடறேன்னு சொன்னேன். குரல், வசுமதின்னு போட்டும் விட்டேன். மரியாதை பண்றோம்னுதான் நெனச்சேன். அது அவளுக்கு இன்னும் எரியற கொள்ளியில எண்ணெய ஊத்துன மாதிரி ஆயிப் போச்சு. அன்னையில இருந்து என்ற போன எடுக்கறதில்ல.

மூர்த்தி ஒரு வருஷம் கூட இருந்தான். இருந்தான்னு பேரு. பக்கத்து நாற்காலியில உக்காந்திருப்பான், கை கீபோர்டுக்கு வராது. ஒரு நாள் அவன் ஹெட்போனச் சுத்தி வெச்சுட்டு, மச்சான், அதை எடுத்துருவோம், அக்கவுன்ட்டு உங்க பேர்ல இருக்குது, நீங்கதான் எடுக்கணும்னான். முடியாதுன்னேன். பத்து வருஷம் உக்காந்து செஞ்சதுல நாலு பேரு கேட்டது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா நாங்க யாருங்க? பம்ப்செட் கம்பெனியில வேலை பாக்கற ரெண்டு பேரு. அவனும் சேலத்துக்குப் போயிட்டான். அவ அவனச் சேத்துக்கிட்டா. அதுதானுங்க எனக்கு வெளங்காத விஷயம். ரூம்ல இருந்தது ரெண்டு பேரு, அவனுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?

அதுக்கப்புறம் நான் மட்டும். பேர மாத்தலை. எட்டாவது, ஒம்பதாவதுன்னு ரிலீஸ் பண்ணிட்டுத்தான் இருக்கறேன். ஃபோட்டோவுல பழைய படமே கெடக்குது. வீட்ல அந்தப் பின்னுல ஒரு ஹெட்போன் போட்டுட்டு, இன்னொரு ஓட்டை சும்மா கெடக்குதேன்னு மூர்த்தி விட்டுட்டுப் போனதையும் மாட்டி மேசையில வெச்சிருவேன். அதுல இருந்து சன்னமாச் சத்தம் கசிஞ்சுட்டே இருக்கும். வேலை முடிஞ்சு வந்தா அந்த வீட்ல பேசறதுக்கு ஒரு நாதியில்லீங்க. காபி ஆறுதுன்னு சொல்றதுக்கு யாரு இருக்கறா. ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க்கா. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

பத்திரிக்கையாங்க? வரலீங்க. எனக்கு வரலை. ஸ்டெல்லா டீச்சருக்கு வந்துச்சு, அவங்க காட்டுனாங்க. புள்ள பேரு மகிழினியாம். பதிமூணு மாசம். நான் ஃபோட்டோவுலகூடப் பாத்ததில்ல. தாய்மாமன் மடின்னு எங்க பெரியப்பா பையன் பேரு போட்டிருக்குது. கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன் உயிரோட இருக்கறப்ப, பெரியப்பா பையன் மடியில உக்கார வெச்சுக் காது குத்துவாங்களாம். சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் என்னன்னு நெனைப்பாங்க? அதான், கூப்பிடாட்டிப் போகுதுன்னு கெளம்பிட்டேன். டீச்சர் ஒண்ணுதான் சொன்னாங்க. வெறுங்கையோட போகாத பூபதி, அவ கேட்டத எடுத்துட்டுப் போன்னாங்க. இந்தாங்க, போன்ல பாருங்க, இந்த எடத்துல அமுத்துனா எடுத்துருமுங்க. டிக்கெட் எடுத்ததுல இருந்து இதத்தான் தொறக்கறேன், மூடறேன். கை வரமாட்டேங்குது.

நீங்களே கேட்டுப் பாத்துச் சொல்லுங்களேன். இந்தாங்க, இத ஒரு காதுல மாட்டிக்கோங்க. பயப்படாதீங்க, சத்தத்தக் கொறச்சுத்தான் வெச்சிருக்கறேன். மூணு நிமிஷம் நாப்பது செகண்டு. ஆடற பாட்டுதானுங்க.

என்னங்க, அதுக்குள்ள கழட்டிட்டீங்க? பீட்டே இன்னும் வரலியே.

என்ன சொன்னீங்க?

இல்லீங்க, கேட்டுச்சு. ‘அந்தப் புள்ள கூப்பிட்டுட்டே இருக்குது, யாராவது எந்திரிச்சுப் போனாத்தான் தம்பி, மேற்கொண்டு கேக்க முடியும்’னீங்க. கேட்டுச்சுங்க.

சங்ககிரி தாண்டிருச்சுங்களா? இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நீங்க சேலத்துல எறங்கிட்டா இனி உங்கள நான் பாக்கப் போறதில்ல, அதனால சொல்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தீங்கன்னா, நடுவுல அவ குரலு திடீர்னு அமுங்கிப் போகும். தண்ணிக்குள்ள போன மாதிரி. அதுக்கப்புறந்தான் பீட்டு எறங்கும். ஆடறவங்க எல்லாம் அந்த எடத்துலதான் கையத் தூக்குவாங்க. இதென்ன எஃபெக்ட்டு, எப்படிப் பண்ணுனீங்கன்னு பெங்களூர்க்காரன் வரைக்கும் கேட்டான். அது எஃபெக்ட்டு இல்லீங்க. கதவு. கதவச் சாத்துனதுல அமுங்குனது.

ஹெட்போனு அப்ப என்ற கழுத்துல கெடந்துச்சு. காதுல இல்ல. மூர்த்தி ஏதோ மாத்திட்டு இருந்தான், நான் கழட்டிட்டு உக்காந்திருந்தேன். அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க. கேட்டுச்சு. டீக்குத்தான் கூப்பிடறான்னு நெனச்சேன். அந்த ஃபைல்ல இருக்குது, அவ அஞ்சாவது தடவை கூப்பிட்டதும் என்ற குரல் வருது. ‘மாப்ள, அந்தக் கதவச் சாத்து, சத்தம் மைக்ல விழுகுது.’ அவன் எந்திரிச்சுப் போயிச் சாத்துனான். ட்ராக்குப் பண்ணும்போது என்ற குரல மட்டும் வெட்டி எடுத்துட்டு, கதவு சாத்துனத அப்படியே வெச்சுட்டேன். நல்லா வந்திருந்துச்சுங்க, அதான்.

மூர்த்தி அவகிட்டச் சொல்லியிருப்பானுங்களா? நான் இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தது, சொல்லியிருந்தா அவ அவனச் சேத்திருக்க மாட்டாள்னு. இப்ப உங்ககிட்டப் பேசப் பேசத்தான் தோணுது. சொன்னதாலதான் சேத்தாளோ என்னமோ. அவ பாட்ட எடுங்கண்ணான்னு கேட்டதுகூட, நானா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றேனான்னு பாக்கறதுக்கோ என்னமோ.

வீரபாண்டி ரோடு வந்துருச்சு. அடுத்தது சேலம்தான்.

இந்தா, அமுத்திட்டேன். பாருங்க, நெசமாவான்னு கேக்குது. ஆமான்னு போட்டுட்டேன். எல்லா எடத்துல இருந்தும் போறதுக்கு மூணு நாள் ஆகும்னு சொல்லுது. இன்னைக்கு மண்டபத்துல எவனாவது தேடுனா அது பாடத்தான் செய்யும். அடுத்தவங்க போன்ல ஏறுனத நான் ஒண்ணும் பண்ண முடியாது. பரவால்ல. எடுத்துட்டேன்னு சொல்லி மடிய நீட்டறதுக்கு நான் போகலை இப்ப.

அந்த ஆகஸ்ட் பதினேழு ஃபைல் முழுசா இந்த போன்ல இருக்குதுங்க. அத அழிக்கலை. புள்ளைய என்ற மடிக்குக் கேக்கறதுக்கு முன்னாடி அவ கையில இதக் குடுத்துக் கேக்க வெக்கப் போறேன். கேட்டுட்டுக் கதவு அந்தப் பக்கம்னு காட்டுனாலும் பாவாடையக் குடுத்துட்டு வந்துர்றேன். அன்னைக்கு அவ அத்தனை தடவை கூப்பிட்டதுக்கு நான் சொன்ன பதிலு, அந்த ஃபைல்ல இருக்கற ‘கதவச் சாத்து’ ஒண்ணுதானுங்க்கா.